அஞ்சடியா, இடைகழியா, தூண்நடையா?

அன்புள்ள குழுவினருக்கு,
மலேசியாவில், பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ்டவுன் பற்றிய தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கீழே கடையும் மேலே வீடுமான கட்டடத்துக்குக் 'கடைவீடு' சரி. மேல்மாடியைத் தூண்கள் தாங்க, அதன் அடியில் கடைக்குக் கடை வளைவு வளைவாகத் தொடரும் நடைவழிக்கு என்ன போடலாம்? இப்போதைக்குத் 'தாழ்வாரம்' என்று வைத்திருக்கிறேன்.

> தாழ்வாரம்

பொருந்தாது. தாழ்வாரத்துக்குச் சரிந்து இறங்கும் கூரை வேண்டும். இங்கே தலைக்கு மேல் இருப்பது மாடி அறை. 'இடைகழி' எனலாமே! திருக்கோவலூரில் ஆழ்வார்கள் மூவர் மழைக்கு ஒதுங்கிய இடம். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். இடைகழிதான் டேழியாகி ரேழியானது. அந்த டகரம் ரகரமான வழியைத் தனி மடலில் எழுதுகிறேன்.

> இடைகழி

ஐயா, ரேழி வாசலுக்கு உள்ளே. இது வெளியே. நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த விதியே அதுதான்: தெருவின் இருபுறமும் தொடர்ச்சியாக, மேலே மூடிய வழி. பின்னாளில் கடைக்காரர்கள் அங்கே சரக்கைப் பரப்பினார்கள். 1888இல் சிங்கப்பூர் நகராட்சி அதை அகற்றப் போய்க் கலவரமே மூண்டது. 'தூண்நடை' என்பது என் பரிந்துரை.

> தூண்நடை

ஜார்ஜ்டவுனின் சூலியா தெருப் பக்கம் வளர்ந்தவள் நான். எங்களுக்கு அது 'அஞ்சடி'. "மழை வருது, அஞ்சடியில ஏறு" என்றுதான் அம்மா கத்துவார். நாணயம் மாற்றுபவர் மேசை போட்டதும், பூ கட்டுபவர் உட்கார்ந்ததும் அஞ்சடியில்தான். மலாய்க்காரர் சொல்லும் காக்கி லீமாவும் அதே. காக்கி என்றால் காலும் அடியளவும், நம் 'அடி' போலவே; லீமா என்றால் ஐந்து. புழங்கும் சொல் இருக்க, ஆக்குவானேன்?

> அஞ்சடி

பேச்சு வழக்கு அச்சில் ஏறலாமா? 'ஐந்தடி' என்றாவது எழுதுங்கள்.

> ஐந்தடி

அஞ்சறைப் பெட்டியைத் திருத்திவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

அனைவருக்கும் நன்றி. நேரமில்லை. அங்கே புழங்கும் 'அஞ்சடி'யையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'தூண்நடை' என்று விளக்கம் தருகிறேன்.

> அஞ்சடியையே

எனக்கு உடன்பாடில்லை. ஐந்தடிக்கு மேல் அகலமானவை அங்கேயே நிறைய உண்டு. மதுரையில் படிப்பவர் இதை அளவு என்றே எடுத்துக்கொள்வார். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.