ஜிம் போய் வந்தால் இப்போது வலியே இல்லை, செட்டைக் கூட்டட்டுமா?

காரைக்குடிப் பையன்:
ஆடியில் ஜிம் சேர்ந்தேன். ஆரம்பத்தில் ஸ்குவாட் (பாரத்தோடு உட்கார்ந்து எழுவது) போட்ட மறுநாள் திண்ணையில் உட்காரவே தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது, நான் படி இறங்கும் அழகைப் பார்த்து அப்பத்தா சிரிப்பார்கள். இப்போது அதே ஸ்குவாட், அதே வெயிட், மறுநாள் ஒன்றுமே தெரியவில்லை. கூட வருகிற அண்ணன், வலி இல்லையென்றால் தசை வளரவில்லை, செட்டை, அதாவது போடுகிற சுற்றுகளை, இரட்டிப்பாக்கு என்கிறார். செய்யலாமா?

தேவகோட்டை பழைய ஆள்:
வேண்டாம் தம்பி. வலியை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். பழக்கமில்லாத வேலை கொடுக்கும்போது, அதிலும் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது (ஸ்குவாட்டில் கீழே இறங்குகிற பாதி), நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும், அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்பார்கள், அது சும்மா, அது ஒரு மணி நேரம் போல ஆனாலே வடிந்துவிடும். ஒரு தடவை அடிபட்ட தசை அடுத்த தடவை அதே வேலைக்குத் தயாராக நிற்கும், அந்தத் தெம்பு வாரக்கணக்கில் இருக்கும். வெயிட்டும் எண்ணிக்கையும் ஏறுகிறதா? அதை நோட்டில் எழுதிப் பாருங்கள்.

காரைக்குடிப் பையன்:
சரி அண்ணே, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பசங்களோடு பந்தயம் வைத்துக் குன்றக்குடி மலைப் படியில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கியதற்கு, செவ்வாய் வரை தொடை பிடித்துக்கொண்டதே, ஜிம் போன பலன் எங்கே?

தேவகோட்டை பழைய ஆள்:
ஏறியதைவிட இறங்கியதுதான் வேலையைக் காட்டியிருக்கும். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் முன்தொடை பிரேக் போடுகிறது. நாலு செட் ஸ்குவாட்டுக்குப் பழகிய கால், விடாமல் படி இறங்கப் பழகவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற யோசனை இருந்தால் ஜிம்மை மட்டும் நம்பாதீர்கள், இப்போதிருந்தே நடங்கள்.

பிசியோ அக்கா:
நடுவில் ஒரு வார்த்தை. இரண்டு தொடையும் ஒரே மாதிரி கனத்து, அழுத்தினால் வலித்து, சில நாளில் குறைந்தால் பயமில்லை. மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ ஒரே இடத்தில் நின்று வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, சிறுநீரகத்தைப் பாதிக்கும். திடீரென்று செட்டை இரட்டிப்பாக்குகிறவர்களுக்கும் இது வரும்.

காரைக்குடிப் பையன்:
ஐயோ அக்கா, செட் அப்படியே இருக்கட்டும், வெயிட்டை மட்டும் இரண்டரை கிலோ ஏற்றிக்கொள்கிறேன்.