அந்த ஐம்பது பென்ஸ் குத்தி உங்கள் வீட்டுக்கும் வந்ததா?

அலஸ்தோட்டத்துப் பெண்

அம்மாவின் ஆண்டுத்திவசத்துக்கு லண்டனிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சித்தப்பா, பெரிய மாமா. பிரெக்சிட், அதாவது பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது என்றால் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். சித்தப்பா 'விலகு' என்று போட்டவர், மாமா 'இரு' என்று போட்டவர். 2016 இலிருந்து மாமா குடும்ப வட்ஸ்அப் குழுவை விட்டு இரண்டு தரம் போய்த் திரும்பி வந்தவர் என்றால் பாருங்கள்.

ஐயர் போய், சாப்பாடும் முடிந்து, வெற்றிலைத் தட்டம் நடுவில் இருக்கிறது. சித்தப்பா பொக்கற்றுக்குள் கையை விட்டு ஒரு ஐம்பது பென்ஸ் குத்தியை எடுத்து என் மகனின் உள்ளங்கையில் வைத்தார். "சரித்திரமடா இது, செலவழிச்சுப் போடாதை" என்றார். பிரெக்சிட் நாணயம்தான். எல்லா நாடுகளுடனும் சமாதானம், செழிப்பு, நட்பு என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே 2020 ஜனவரி 31 என்று திகதி போட்டது.

மாமா வாயே திறக்கவில்லை. எழும்பி வந்து பிள்ளையின் கையிலிருந்து அதை எடுத்துத் தட்டத்தில் எழுத்துப் பக்கம் கீழே போகக் கவிழ்த்து வைத்தார். ராணி முகம் மேலே. அதற்கு மேல் பாக்குவெட்டியைத் தூக்கி வைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு போய்த் தன் கதிரையில் இருந்துவிட்டார்.

சித்தப்பாவுக்குப் பாக்கு வெட்ட வேண்டும். பாக்குவெட்டியைத் தொடவில்லை. முழுப் பாக்கை அப்படியே வாயில் போட்டுக் கடித்தார். அறுபத்தெட்டு வயதுப் பல்லு. அந்தக் கடி இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்தக் குத்தியால் வேறு யாருடைய வீட்டிலாவது இப்படி நடந்ததா?

உள்துறைமுக ஓட்டோ

எங்கள் வீட்டில் இல்லை, என் ஓட்டோவில். வெள்ளைக்காரத் தம்பதி, வயதானவர்கள். நிலாவெளி வீதி யுத்த மயானம் பார்த்துவிட்டு, பிறகு கோட்டைக்குள்ளே கோணேசர் கோயிலடி வரை. மான்களுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்கள். கூலியை ரூபாயில் சரியாகத் தந்தார்கள். பிறகு அந்த மனுசன் என் பிள்ளைகளுக்கு என்று ஒரு குத்தியை நீட்டினார். மனுசி அவரின் மணிக்கட்டைப் பிடித்தார். "அதை வேண்டாம்" என்று சொன்னது விளங்கியது. தன் கைப்பையைக் கிண்டிக் கிண்டி வேறொன்றை எடுத்துத் தந்தார். அதுவும் ஐம்பது பென்ஸ், அதே ஏழு மூலை. எனக்கு என்ன வித்தியாசம்? இரண்டையும் எந்த வங்கியும் மாற்றித் தராது, வெளிநாட்டுச் சில்லறையை அவர்கள் எடுப்பதில்லை.

வருகிற வழி முழுக்க இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மனுசன் இறங்கும்போது அந்த மற்றக் குத்தியை சீற்றில் விட்டுவிட்டுப் போனார். மறந்துபோனார் என்று நான் நம்பவில்லை.

ஹரோவில் ஒரு திருமலையான்

சித்தப்பா, மாமா பாடு பரவாயில்லை, நான் கல்லாவில் நின்றவன். இரவு வேலை, பெற்றோல் ஸ்டேசன், 2020 பெப்ரவரி. முதலில் 30 இலட்சம் குத்திதான் வெளியே விட்டார்கள், மிச்ச 70 இலட்சம் அந்த வருடமே பிறகு வந்தது. எங்களிடம் சில்லறைப் பையில் நாலைந்து வந்து விழுந்தது.

மிச்சக் காசு கொடுத்தேன். ஒரு வாடிக்கையாளர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் தள்ளிவிட்டார், "வேறொன்று தா" என்று. கொடுத்தேன். பின்னால் நின்றவர் அதைக் கண்டுவிட்டார். "அதை எனக்குத் தா, ஒரு பவுண் தாறன்" என்றார். ஐம்பது பென்ஸை ஒரு பவுணுக்கு! முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் வரிசையிலேயே தொடங்கிவிட்டார்கள். எனக்கோ பம்ப் நான்கில் ஒருவன் காசு கட்டாமல் போகிறானா என்ற கவலை. போய்விட்டான்.

இன்னொன்று. முதலில் அடித்த குத்தியில் 2019 ஒக்ரோபர் 31 என்று இருந்தது. விலகுகிற திகதி தள்ளிப்போக, அவற்றை உருக்கிவிட்டார்கள். பிறகு ஃபிலிப் புல்மன் என்ற எழுத்தாளர், 'செழிப்பு' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி விடுபட்டுவிட்டது, படித்தவர்கள் இந்தக் காசைத் தொடக்கூடாது என்று கிளம்பினார். நாடு இரண்டாகி நிற்கிறது, இவருக்குக் காற்புள்ளி. உண்மையைச் சொன்னால் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

உவர்மலை அக்கா

குத்தியை நான் கையில் தொட்டதில்லை. ஆனால் பிரித்தானியா விலகிய அந்த இரவு நினைவிருக்கிறது. லண்டனில் இரவு பதினொரு மணி, இங்கே விடிய நாலரை. தங்கச்சி வீடியோவில் வந்தாள். அவள் ஒல்லாந்துப் பிரஜை. பதினைந்து வருடம் அங்கே இருந்து, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் போனவள். இப்படிப் போன எங்கள் சனம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 2016 வாக்கெடுப்பில் அவளுக்கு வாக்கு இல்லை. அவளின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த நம்ம ஊர்ப் பெடியன் படிக்கப் போனவன், சிலோன் பாஸ்போட். அவனுக்கு வாக்கு இருந்தது! பொதுநலவாயப் பிரஜை, அங்கே குடியிருப்பவன் என்றால் போடலாம். அவன் என்ன போட்டான் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வாடகையை மட்டும் ஒன்றாம் திகதி சரியாகக் கட்டினான்.

அன்றைக்குப் பிக் பென் மணியை அடிக்கவேண்டும் என்று ஒரு கூட்டம் ஒற்றைக் காலில் நின்றது. திருத்த வேலை நடக்கிறது, அடிப்பதென்றால் 5 இலட்சம் பவுண்ஸ் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பிரதமர் வீட்டுச் சுவரில் வெளிச்சத்தில் மணிக்கூடு காட்டி, பதிவுசெய்த சத்தம் போட்டார்களாம். தங்கச்சி ரீவியை ஊமையாக்கி வைத்திருந்தாள். சரியாக அந்த நேரம் எங்கள் ஒழுங்கைக் கோயிலில் விடியப்புற மணி அடித்தது. போனுக்குள்ளால் அவளுக்கும் கேட்டிருக்கிறது. மச்சான் சிரித்துக்கொண்டு, "பாத்தியே, அடிச்சிட்டாங்கள்" என்றார். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, போனைக் கொஞ்சம் யன்னலடியில வை" என்றாள். மணி ஓயும்வரை வைத்திருந்தேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

பிள்ளைகளே, கோபிக்க வேண்டாம். அடுத்தவன் நாட்டுக் குத்திக்கு இவ்வளவு கதையா? நம்ம நாட்டிலும் ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது, உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1982 டிசம்பர் 22. 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தை, தேர்தல் வைக்காமல் 1989 வரை நீட்டலாமா என்று கேட்டார்கள். 'ஆம்' என்றால் விளக்கு, 'இல்லை' என்றால் குடம். சிலர் பானை என்று எழுதுகிறார்கள், பானையல்ல, குடம். 54.66 வீதம் ஆம் என்று முடிவு. அவசரகாலச் சட்டத்துக்குள் நடந்த வாக்கெடுப்பு. அதற்கு யாராவது குத்தி அடித்தார்களா? வென்றவர்களே அந்தத் திகதியை வாயில் எடுப்பதில்லை. லண்டன்காரனாவது மேசையில் போட்டுச் சண்டை பிடிக்கிறான்.

நான் அன்றைக்கு வாக்குச்சாவடியில் எழுதுவினைஞர், இருபத்திநாலு வயது. ஒரு ஆச்சி சீட்டை வாங்கிப் பார்த்தார். "தம்பி, வீட்டில விளக்கும் வேணும், குடமும் வேணும். ரெண்டுக்கும் போடட்டே?" என்றார். ரெண்டுக்கும் போட்டால் செல்லாது ஆச்சி என்றேன். அதற்குமேல் ஒரு சொல் சொல்ல எனக்கு அனுமதியில்லை. எது எதற்கு என்று கூட விளக்க வாய் வரவில்லை, பக்கத்தில் ஆள் நின்றது. ஆச்சி மறைப்புக்குள் போய் நெடுநேரம் நின்றார். பென்சில் கீறுகிற சத்தம் ஒருதரம்தான் கேட்டது.

நமக்கு வரவேண்டிய மற்ற வாக்கெடுப்பு வரவேயில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கிழக்கு மக்களிடம், வடக்கோடு சேர்ந்திருக்க விருப்பமா என்று 1988 முடிவதற்குள் கேட்பதாக இருந்தது. தள்ளித் தள்ளிப் போனது. வைத்திருந்தால் நம்ம திருகோணமலை ஒரே பக்கம்தான் விழுந்திருக்கும்.

கிண்ணியா மகன்

வாத்தியார் ஐயா, மரியாதையோடு சொல்றன், கடைசி வரியை நான் ஏற்கமாட்டேன். எந்தத் திருமலை ஒரே பக்கம் விழும்? எங்கட வாப்பாவிடம் கேட்டீர்களா? சேருவிலச் சிங்களச் சனத்திடம் கேட்டீர்களா? கேட்காத கேள்விக்கு நீங்களே புள்ளடி போட வேண்டாம்.

2006 ஒக்ரோபர், வடக்கு-கிழக்கு இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். அப்போது எங்களுக்குப் பாலம் இல்லை, ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவைப் பாதைதான். பாதை நடுக்கடலில் போகும்போது யாருடைய ரேடியோவிலோ செய்தி. ஒருவர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தார். அவருக்குப் பக்கத்தில் மீன் கூடையோடு நின்றவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடலை விற்கிற பெடியன் கூடக் கூவுவதை நிறுத்திவிட்டான். கரை தட்டும்வரை ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. கரை தட்டினதும் மீன்காரர் கூடையைத் தூக்க முடியாமல் நின்றார், சிரித்தவர்தான் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான் நான் கண்டது. அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க வரவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, சேருவிலவையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும், சரி. ஆனால் கேட்டிருக்க வேண்டும் என்பதில் நமக்குள் பேதமில்லையே.

கிண்ணியா மகன்

அதில் இல்லை.

நாணயப் பெட்டி

என் கதை இரண்டு வரி. 1973 இல் பிரித்தானியா ஐரோப்பியக் கூட்டுக்குள் போனபோது அடித்த ஐம்பது பென்ஸ் என்னிடம் இருக்கிறது, ஒன்பது கைகள் வட்டமாகக் கோத்தபடி. அப்பாவின் நண்பர் ஒருவர் தந்தது.

இனி முக்கியமான விசயம். அலஸ்தோட்டத்து அக்கா, அந்தக் குத்தியைத் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். விபூதியும் வேண்டாம். அது செம்பும் நிக்கலும் கலந்தது, நாலில் மூன்று பங்கு செம்பு. புளி பட்டால் மேற்பரப்பு செத்துவிடும், சேகரிப்பவன் ஒரு பார்வையில் பிடித்துவிடுவான். வெற்றிலைத் தட்டத்தில் சுண்ணாம்பும் இருந்திருக்கும், அது பட்டிருந்தால் வெறும் தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். ஓரத்தில் பிடியுங்கள், விரல் அடையாளம் பதியும். பிளாஸ்ரிக் உறைகளில் மலிவானது வேண்டாம், நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு வியர்த்துவிடும். அரிசிப் பானைக்குள் வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். ஃபேஸ்புக்கில் இதை இலட்சக்கணக்கில் விற்கலாம் என்று எவனாவது சொன்னால் நம்ப வேண்டாம், ஒரு கோடி குத்தி அடித்திருக்கிறார்கள், ஐம்பது பென்ஸின் பெறுமதி ஐம்பது பென்ஸ்தான். ஓட்டோ அண்ணைக்கும் இதுவே. உருக்கிய 2019 திகதிக் குத்தி யாரிடமாவது இருந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள். பாக்குவெட்டி வைத்த இடத்தில் கீறல் இருக்கிறதா, ராணியின் கன்னத்திலா கழுத்திலா? ஒரு படம் போட முடியுமா?

அலஸ்தோட்டத்துப் பெண்

தம்பி, புளியும் போடவில்லை, அரிசிக்குள்ளும் வைக்கவில்லை. கீறல் கன்னத்தில்.

மாமாவும் சித்தப்பாவும் ஒரே விமானத்தில்தான் திரும்பினார்கள், பக்கத்துப் பக்கத்து சீற். குத்தியை இரண்டு பேரும் கேட்கவில்லை. இப்போது மகனின் கணக்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. போன கிழமை எழுகோணம் கீறச் சொன்னதற்கு அதைத் தாளில் வைத்துச் சுற்றிவரக் கோடு இழுத்துக் கொண்டு போயிருக்கிறான். பக்கங்கள் வளைந்திருக்கிறது என்று ரீச்சர் பிழை போட்டு அனுப்பியிருக்கிறா.