ஞாயிற்றுக்கிழமை காயலான் கடைக்குப் போகிற கெஸல் கார்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

உப்புக்காற்று66

வணக்கம். ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். தாத்தா ஓட்டிய 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், இரண்டு கதவு, அதைத்தான் சம்பளம் மிஞ்சுகிற மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் நாலு கதவு ஸ்டாண்டர்டு கெஸல் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். 1974 வண்டி. இன்ஜின் இல்லை, கியர்பாக்ஸ் இருக்கிறது. தானே புயலில் கொட்டகைக் கூரை பாதி பறந்ததாம், அதிலிருந்து பின்பக்கம் முழுக்க மழையும் வெயிலும்தான். முன்பக்கம் பரவாயில்லை, கண்ணாடிகள் எல்லாம் முழுசாக இருக்கின்றன.

பெரியவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இடத்தை மனை போடுகிறார்கள். காயலான் கடைக்காரர் 17,000 பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை கேஸ் கட்டரோடு வருகிறார். மூத்த பிள்ளை, "கூட ரெண்டாயிரம் சேர்த்துக் கொடுங்க, உங்களுக்கே தந்துடறேன், அவருகிட்ட நான் பேசிக்கிறேன்" என்கிறார். என் வண்டி இரண்டு கதவு, இது நாலு கதவு. எனக்கு இதில் என்ன தேறும்? வீட்டில் இதற்கு ஆதரவு துளியும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், "முதலில் ஒன்று ஓடட்டும்" என்கிறாள் மனைவி, அவள் சொல்வதிலும் தப்பில்லை.

நெல்லித்தோப்பு பட்டறை

தம்பி, வாங்கிடுங்க. யோசித்துக்கொண்டே இருந்தால் திங்கட்கிழமை துண்டு துண்டாகத்தான் பார்ப்பீர்கள்.

கெஸலும் ஹெரால்டு ஜாதிதான். அந்த ஜாதி வண்டியில் ஒரு வசதி, பாடி தனி, அதைத் தாங்குகிற அடிச்சட்டம், அதாவது சேஸிஸ், தனி. பியட்டு மாதிரி எல்லாம் ஒன்றாக வெல்டு அடித்தது கிடையாது. ஸ்பானர் இருந்தால் போதும், முன்பாடி, பின்பாடி, மேல்கூரை என்று போல்ட் கழற்றியே பிரித்துவிடலாம். அதனால் கட்டர் வைக்கவே விடாதீர்கள், அவர் அறுக்கிற இடத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கும்.

உங்களுக்கு உதவுவது முன்பக்கம். ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ். பின் ஆக்ஸிலை மட்டும் நம்பாதீர்கள், ஹெரால்டில் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும், கெஸலில் அதை எடுத்துவிட்டு ஒரே கட்டை ஆக்ஸில் போட்டார்கள். அப்படியே தூக்கி மாட்ட முடியாது.

முன் சக்கரத்துக்குக் கீழே பித்தளையில் ட்ரன்னியன் என்று ஒன்று இருக்கும், சக்கரம் திரும்புவதே அந்த மரையில்தான். அதற்கு 90 கியர் ஆயில் விடணும். எல்லாரும் கிரீஸ் கன்னை வைத்து அமுக்கிவிடுவார்கள். கிரீஸ் இறுகிப்போய், உள்ளே தண்ணீர் இறங்கி, கம்பி துருப்பிடித்து ஒருநாள் திருப்பத்தில் பட்டென்று ஒடியும், சக்கரம் மட்டும் மடங்கிப் படுத்துக்கொள்ளும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், நல்லவேளை வண்டி மெதுவாகப் போனது. கழற்றும்போது இடது, வலது என்று பெயின்டில் எழுதி வையுங்கள், இரண்டுக்கும் மரை எதிரெதிர்.

பாகூர் ஏரிக்கரை

எல்லாரும் வாங்கு வாங்கு என்பீர்கள், ஒருத்தனாவது மறுபக்கம் சொல்லவேண்டாமா?

என்னிடம் ஒரு அம்பாசிடர் மார்க் 2 ஓடுகிறது. அதற்கு உதிரி என்று மூன்று செத்த அம்பாசிடர் வாங்கித் தோட்டத்தில் போட்டேன். எட்டு வருஷத்தில் நான் அவற்றிலிருந்து உருப்படியாக எடுத்தது ஒரு கதவுக் கைப்பிடி, இரண்டு வீல் கப், ஒரு டேஷ்போர்டு. மிச்சத்தையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம், நம்ம கடலோர ஈரத்தில் தார்ப்பாய்க்குள்ளேயே வேர்த்து, வெளியில் கிடந்ததைவிட மூடி வைத்ததுதான் வேகமாகத் துருப்பிடித்தது. ஒன்றில் பாம்பு சட்டை உரித்திருந்தது, அதற்கப்புறம் என் மகன் அந்தப் பக்கமே வருவதில்லை. கடைசியில் மூன்றையும் நானே எடைக்குப் போட்டேன்.

வாங்கினால் ஒரு மாசத்துக்குள் பிரியுங்கள். பிரித்ததை வீட்டுக்குள் வையுங்கள். கண்ணாடியைப் படுக்கப் போடாதீர்கள், பழைய போர்வை சுற்றிச் சுவரோரமாக நிறுத்தி வையுங்கள். நட்டு போல்ட்டுகளை எங்கே கழற்றினீர்களோ அந்த இடத்தின் பெயரை எழுதித் தனித்தனிக் கவரில் போடுங்கள், "ஞாபகம் இருக்கும்" என்று நினைத்தவன் எவனுக்கும் இருந்ததில்லை. வெறும் கூடு வேண்டாமென்றால் அப்புறம் அதே காயலான் கடைக்கே போகட்டும், பாதிக் காசு திரும்பி வந்துவிடும்.

திண்டிவனம் நாலுகதவு

அண்ணா, அந்த வண்டியின் பின்கதவுகள் எப்படி இருக்கின்றன? முக்கியமாக வலதுபக்கம், கண்ணாடியோடு?

ஏன் கேட்கிறேன் என்றால், என்னிடம் இருப்பது நாலு கதவு ஹெரால்டு. இன்ஜின், பிரேக் சாமான் என்றால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், நம்ம ஹெரால்டுக்கு மூலமான ட்ரையம்ப் ஹெரால்டு அங்கே 1971-இலேயே நின்றுவிட்டாலும் ட்ரையம்பின் ஸ்பிட்ஃபயர் காரும் அதே முன் சஸ்பென்ஷன்தான் என்பதால் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். காசு ஆகும், ஆனால் கிடைக்கும். நாலு கதவு அங்கே கம்பெனி போட்டதே கிடையாது, அது மெட்ராஸில் நம்ம ஆட்கள் மட்டும் செய்தது. அதனால் பின்கதவு, அதன் கண்ணாடி, ஏற்றி இறக்குகிற மெஷின், பீடிங் எதுவும் உலகத்தில் வேறெங்கும் தேடிப் பிரயோஜனமில்லை, இந்த மாதிரி ஏதாவது கொட்டகையில் இருந்தால்தான் உண்டு. சென்னை புதுப்பேட்டையில் நான் அலையாத பழைய உதிரிக் கடை இல்லை, "இதெல்லாம் எப்பவோ உருக்கிட்டாங்க தம்பி" என்பதுதான் பதில்.

உங்களுக்கு வேண்டாத பின்பாதிதான் எனக்கு வேண்டியது. இரண்டு பின்கதவும் தேறினால் விலையில் பாதி நான் தருகிறேன், இறக்க ஆளும் கூட்டிவருகிறேன்.

ஆர்.சி. புத்தகம்

காசு கொடுக்கும் முன் பேப்பரைப் பாருங்கள். ஆர்.சி. பெரியவர் பெயரில்தான் இருக்கும், அப்படியானால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கட்டும், மூத்தவர் ஒருத்தர் கையெழுத்து போதாது. சேஸிஸ் தகட்டில் இருக்கிற எண்ணும் புத்தகத்து எண்ணும் ஒன்றா என்று நேரில் ஒத்துப் பாருங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்துவிடுவது என்று முடிவானால், வண்டி இனி ஓடாது என்று பதிவு செய்த ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்துப் பதிவை ரத்து செய்யணும். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவு, 14 நாள் என்று சொல்கிறது. இதைச் செய்யாமல் விட்டால் ஒருநாள், "கூடு வேண்டாம், புத்தகமும் சேஸிஸ் தகடும் மட்டும் கொடுங்க, நல்ல ரேட்டு தரேன்" என்று யாராவது வருவார்கள். திருட்டு வண்டிக்கு ஒட்டத்தான் கேட்பார்கள், பிறகு போலீஸ் தேடி வருவது உங்களை.

இன்னொன்றும் இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜாகப் பதியலாம், நம்பரில் வி.ஏ. என்று வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். தினசரி ஓட்டத்துக்குக் கிடையாது, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறியிருக்கவும் கூடாது. உங்கள் 66-க்கு அது பொருந்தும். இந்த 74-க்கும் வயது ஆகிவிட்டது! சேஸிஸ் நன்றாக இருந்தால் பிரிக்கிறதற்கு முன் ஒருதரம் யோசியுங்கள்.

உப்புக்காற்று66

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமையே போய்விட்டேன். காயலான் கடைக்காரரும் வந்திருந்தார், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் டீ வாங்கிக் கொடுத்து, "இந்த மாதிரி வேற வந்தா சொல்றேன்" என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார். இது நல்லதா கெட்டதா தெரியவில்லை, வீட்டில் சொல்லவில்லை.

ஆர்.சி. சார் சொன்னதால் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு சேஸிஸுக்குக் கீழே படுத்துத் தட்டிப் பார்த்தேன். முன்பாதி டங் டங் என்கிறது. பின்பக்கம் பாடியைத் தாங்குகிற கைகளில் இரண்டு இடத்தில் ஸ்குரூடிரைவர் அப்படியே உள்ளே போய்விட்டது, டிக்கித் தரையில் கை நுழைகிற ஓட்டை. இன்ஜினும் இல்லை. இதை எழுப்ப என்னால் முடியாது, பிரிப்பதுதான். எண் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, மூன்று பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டார்கள்.

பட்டறை அண்ணா, இடதுபக்க ட்ரன்னியனைத் துடைத்தால் கறுப்பாக எண்ணெய்தான் வருகிறது, கிரீஸ் இல்லை. பெரியவர் விஷயம் தெரிந்தவர்.

திண்டிவனம் தம்பி, வலது பின்கதவு கீழ்விளிம்பு போய்விட்டது, டிங்கர் வேலை இருக்கிறது, ஆனால் கண்ணாடி ஏறி இறங்குகிறது. இடது கதவு முழுசு. அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் அந்தத் தகரக் கொட்டகையில் நிற்க முடியாது. பதிமூன்று அளவு ரிங் ஸ்பானர் இருந்தால் கொண்டுவாருங்கள், என்னுடையது வழுக்குகிறது.

நெல்லித்தோப்பு பட்டறை

பதிமூன்று எம்.எம். போட்டால் வழுக்கத்தான் செய்யும் தம்பி, அதெல்லாம் இஞ்ச் அளவு போல்ட். அரை இஞ்ச் கேட்டு வாங்குங்கள். முந்தின நாள் ராத்திரியே எல்லா போல்ட்டுக்கும் டீசல் விட்டு ஊறவையுங்கள், பிறகு வாருங்கள் என்னிடம்.