பழைய கார் கிளப்பும் தர்ம காரியமும்: இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

வெள்ளவத்தை மைனர்:

அப்பாவின் மொறிஸ் மைனர் இப்போது என் பொறுப்பில். 1959 வண்டி, 948 சீசீ. கதவுக்குப் பின்னால் இருக்கிற தூணிலிருந்து வெளியே நீளுமே, திரும்புவதற்குச் சைகை காட்டுகிற அந்தச் சின்னக் கைகள், இரண்டும் இன்னும் வேலை செய்கின்றன. இடது கை மட்டும் நீண்டால் மடங்காது, இறங்கிப் போய் ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இப்படிப் பழைய வண்டி வைத்திருக்கிற ஒன்பது பேர் வாட்ஸ்அப்பில் சேர்ந்திருக்கிறோம். ஒரு ஞாயிறு எல்லாவற்றையும் ஓரிடத்தில் நிறுத்தி, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்கு ஏதாவது சேர்த்துக் கொடுப்போம் என்று ஒருவர் சொன்னார். உடனே இன்னொருவர், "அதற்கு அடிக்கிற பெற்றோல் காசை நேரே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?" என்று கேட்டுவிட்டார். அதோடு குழுவில் இரண்டு நாள் சத்தமே இல்லை.

இங்கிலாந்தில் இருக்கிற மச்சான் அனுப்பும் படங்களில் குட்டி ஊருக்கும் ஒரு கார் கிளப் இருக்கிறது, காருக்குப் பக்கத்தில் ஓர் உண்டியலும் இருக்கிறது. அங்கே இது எப்படித் தொடங்கியது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பஞ்சிகாவத்தை வாடிக்கை:

தம்பி, தர்மமெல்லாம் பிறகு வந்தது. முதலில் இருந்தது கொண்டாட்டம். 1896 வரை இங்கிலாந்தில் இயந்திர வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல்தான் போகலாம், முன்னால் ஓர் ஆள் நடக்கவும் வேண்டும். அந்த வருடம் நவம்பர் 14ஆம் திகதி வேகத்தை 14 மைலாகக் கூட்டிய சட்டம் நடைமுறைக்கு வந்தது, அன்றே லண்டனிலிருந்து பிறைட்டனுக்கு ஓடிக் கொண்டாடினார்கள். 1927இல் அதே பாதையில் பழைய வண்டிகளை மறுபடி ஓடவிட்டார்கள், 1930இல் மிகப் பழைய கார்களுக்கென்றே வெட்டரன் கார் கிளப் வந்தது. அந்த ஓட்டம் இன்னும் நடக்கிறது, 1905க்கு முந்திய வண்டிக்குத்தான் இடம்.

சின்ன ஊர்க் கதை வேறு. இருபது கார் நிறுத்த மைதானம் வேண்டும். அது பள்ளிக்கூடத்துடையதாகவோ சேர்ச்சுடையதாகவோ இருக்கும், சும்மா தர மாட்டார்கள். வாசலில் சேர்கிற காசு ஊருக்குப் போகும் என்றால் கதவு தானாகத் திறக்கும். அப்புறம் றோட்டரி, லயன்ஸ் மாதிரிச் சமூகசேவைக் கழக ஆட்கள் கைகொடுப்பார்கள். (கொழும்பு றோட்டரி 1929இலிருந்து இருக்கிறது, அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.) கார்க்காரருக்குக் கணக்கு எழுத வராது, கணக்கு எழுதுகிறவரிடம் கார் இருக்காது, இரண்டு பேரும் சேர்ந்தால் வேலை நடக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது 'டிரைவ் இற் டே'. 1900 ஏப்ரல் 23 அன்று 65 வண்டிகள் லண்டனிலிருந்து ஆயிரம் மைல் சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்டன, அதன் நினைவாக ஒவ்வோர் ஏப்ரலிலும் ஒரு ஞாயிறு பழைய கார்களை வெளியே எடுக்கிறார்கள். 2021இலிருந்து காருக்கு முன்னால் மாட்டுகிற தகடு ஒன்றை விற்று, அந்தக் காசைச் சிறுவர்களுக்கான தொலைபேசி உதவிச் சேவைக்குக் கொடுக்கிறார்கள். கார் பழுதாகி வீட்டில் நிற்கிறவரும் தகடு வாங்கலாம். அந்தத் தந்திரம் எனக்குப் பிடித்தது.

சுன்னாகம் ஏ40:

இங்கிலாந்துக் கதை சரி. எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் கிளப் இல்லாமலே அந்த வேலை நடந்தது. 90களில் பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணில் படாது. ஒஸ்டின் ஏ40க்குக் காபரேட்டரில் சின்னப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை ஒழுங்கை முழுக்க நிற்கும், சட்டையெல்லாம் மணக்கும். அம்மாவுக்கு என் தங்கச்சி பிறக்கப்போகிற இரவு பக்கத்து வீட்டு அண்ணை அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்பா நீட்டிய காசை வாங்கவில்லை, "இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் இருந்தால் தாருங்கோ, நாளைக்கும் ஆரும் கூப்பிடுவினம்" என்றார்.

ஆகவே காரை மட்டும் நிறுத்தாதீர்கள், அந்தக் கார் யாரைச் சுமந்தது என்று ஒரு மட்டையில் எழுதிக் கண்ணாடியில் வையுங்கள். காலிமுகத்திடல் ஹோட்டலில் 1935 ஸ்டாண்டர்ட் 9 ஒன்று நிற்கிறது, பிலிப் இளவரசர் இங்கே கடற்படையில் இருந்தபோது 12 பவுணுக்கு வாங்கியது. சாதாரணக் கார்தான். ஆனால் அந்தக் கதைக்காகத்தானே எல்லாரும் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள்?

தெஹிவளை அக்கா:

நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் இப்படி ஓர் ஊர்வலத்துக்கு என் கணவரின் வொக்ஸ்வாகனைக் கொண்டுபோனோம், பெயர் வேண்டாம். ரீ-சேர்ட், கேடயம், மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்த காசிலிருந்தே போனது. கடைசியில் மேசையளவு காசோலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள், அதில் எழுதியிருந்த தொகை எங்கள் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு. கணவர் அதன் பிறகு எந்தக் கிளப்புக்கும் போகவில்லை.

பெற்றோல் கேள்வி கேட்டவர் முட்டாள் இல்லை. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பதில் இதுதான்: ஒன்பது பேரின் பெற்றோல் காசு ஒன்பது பேரின் காசு மட்டுமே, பார்க்க வருகிற முந்நூறு பேர் வீட்டிலிருந்து உங்களுக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் பெற்றோலும் சாப்பாடும் அவரவர் பொக்கெற்றிலிருந்து, உண்டியலில் விழுவது ஒரு சதம் குறையாமல் வார்ட்டுக்கு. அன்று மாலையே எண்ணி, பற்றுச்சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். என்ன வேண்டும் என்று தாதிமாரிடம் முதலே கேளுங்கள், எல்லாரும் பொம்மையே கொண்டுபோகிறார்கள்.

இன்னொன்று, கல்யாணத்துக்கு மொறிஸ் மைனர் கேட்டு ஆட்கள் அலைகிறார்கள். மாதம் ஒரு கல்யாண ஓட்டத்தை அதற்கென்று ஒதுக்கினாலே ஞாயிற்றுக்கிழமையைவிடக் கூடச் சேரும்.

வெள்ளவத்தை மைனர்:

எல்லாருக்கும் நன்றி. அக்காவின் பதிலை அப்படியே குழுவில் போட்டேன், பெற்றோல் கேள்வி கேட்டவரே கணக்கை நான் பார்க்கிறேன் என்றுவிட்டார். தெரிந்த பள்ளிக்கூட மைதானம் ஒன்றைக் கேட்கிறோம். அப்பா இதே வண்டியில்தான் என்னை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார், மட்டையில் அதை எழுதப்போகிறேன்.

இப்போது ஒரே பிரச்சினை: சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும், நேற்றிலிருந்து சத்தமே இல்லை.

பஞ்சிகாவத்தை வாடிக்கை:

பொனற்றைத் திறந்து பம்பின் பக்கத்தில் ஸ்பானரால் மெதுவாகத் தட்டு. தட்டியதும் டிக் டிக் சத்தம் வந்தால், உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கிற பொயின்ற் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பற்றரியைக் கழற்றினால் கவனம், உன் வண்டியில் பற்றரியின் பொசிற்றிவ் பக்கம்தான் வண்டியின் இரும்பு உடம்புக்கு வரும், மாற்றிக் கொடுத்துவிடாதே. சனிக்கிழமை பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைப்பக்கம் வா, பொயின்ற் தேடிப் பார்ப்போம்.