சுருகா: ட்ரெயின் மாறிட்டு ஓடிடாதீங்க, ஒரு நாள் இறங்கிப் பாருங்க

ஜப்பான்ல ஓசாகாலேர்ந்து கனசாவா போறவங்களுக்கு சுருகா ஸ்டேஷன் நல்லாவே தெரிஞ்சிருக்கும். 2024 மார்ச் 16லேர்ந்து ஷின்கான்சென் புல்லட் ட்ரெயின் சுருகா வரைக்கும் வந்துடுச்சு, ஓசாகாலேர்ந்து வர்ற தண்டர்பேர்ட் எக்ஸ்பிரஸ் அங்கயே நின்னுடுது, இறங்கி எஸ்கலேட்டர்ல மேல ஏறி அடுத்த வண்டியைப் பிடிக்கணும், கையில பத்து நிமிஷம் இருந்தா பெரிய விஷயம். நானும் மூணு தடவை அப்படித்தான் ஓடியிருக்கேன், ஊருக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை கூட யோசிச்சதில்ல.

போன நவம்பர்ல அம்மா வந்திருந்தாங்க. அவங்களுக்கு முட்டி வலி, அந்தக் கூட்டத்துல எஸ்கலேட்டர் பக்கம் போறதுக்குள்ள மூச்சு வாங்க ஆரம்பிச்சுட்டாங்க, "கொஞ்சம் உக்காரலாம்டா, என்ன அவசரம்"னாங்க. சரின்னு கவுண்டர்ல டிக்கெட்ட சாயந்திர வண்டிக்கு மாத்திட்டு வெளிய வந்தோம். அன்னைக்கு அப்படி இறங்கினது எவ்வளவு நல்லதாப் போச்சுன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். நீங்க யாராவது போயிருந்தா உங்க அனுபவத்தையும் கீழ எழுதுங்க.

வெளிய வந்தா மழை, பெரிய மழை இல்ல, விட்டு விட்டு தூறுது. சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதேன்னு அந்தப் பக்கத்துல ஒரு சொலவடையே உண்டு. ஆனா ஸ்டேஷன்லேர்ந்து கெஹி கோயில் வரைக்கும் கடைத்தெரு நடைபாதைக்கு மேல பெரும்பாலும் கூரை போட்டிருக்காங்க, குளிர்காலத்துல பனி கொட்டுற ஊரு இல்லையா, அதனால நனையாமலே நடந்துட்டோம். 15 நிமிஷ நடைதான், நாங்க நின்னு நின்னு போனதுல அரை மணி ஆச்சு.

கெஹி கோயிலோட தோரீங்கிற தோரண வாசல் செக்கச்செவேல்னு கிட்டத்தட்ட 11 மீட்டர் உயரத்துக்கு நிக்குது, முழுக்க மரம், 1645ல நிறுத்தினது. ஜப்பானோட மூணு பெரிய மர தோரீல ஒண்ணுன்னு சொல்றாங்க, மத்த ரெண்டும் மியாஜிமாலயும் நாராலயும். 1945 ஜூலை 12 ராத்திரி குண்டு போட்டதுல ஊர்ல பெரும்பகுதி எரிஞ்சு போச்சு, கோயிலோட முக்கியக் கட்டடமும் போச்சு, இந்த மர தோரீ மட்டும் தப்பிச்சுது. கிட்ட போய் அந்தத் தூணைப் பாருங்க, பெயின்ட்டுக்கு அடியில மரத்தோட வரியும் வெடிப்பும் தெரியும், ரெண்டு பெரிய தூணுக்கும் முன்னயும் பின்னயும் சின்னத் தூண் முட்டுக்கொடுத்து நிக்கும். உள்ள ஒரு ஊத்து இருக்கு, 702ல கோயில் கட்டும்போது பொங்கி வந்த தண்ணின்னு நம்புறாங்க, குடிச்சா ஆயுசு கூடுமாம். அம்மா ரெண்டு கை அள்ளிக் குடிச்சுட்டு எனக்கும் குடுத்தாங்க.

அங்கேருந்து துறைமுகத்துக்கு டாக்ஸி. இப்ப அங்க பெருசா சத்தம் எதுவும் இல்ல, 1905ல மண்ணெண்ணெய் வைக்கிறதுக்குக் கட்டின ரெண்டு செங்கல் கிடங்கு, ஒரு பூங்கா, அமைதியான தண்ணி, அவ்வளவுதான். பக்கத்துல அந்தக் காலத்துத் துறைமுகக் கட்டடங்கள் மாதிரியே நாலு கட்டடம் கட்டி மியூசியம் வச்சிருக்காங்க, "மனிதாபிமானத்தோட துறைமுகம்"னு பேரு, மியூசியத்துக்கு போலிஷ் மொழியில சொல்ற முசெயும்ங்கிற வார்த்தையையே பேர்ல வச்சிருக்காங்க. காரணம் இருக்கு. 1920லயும் 22லயும் சைபீரியால அப்பா அம்மா இல்லாம தவிச்ச போலந்துக் குழந்தைகள் 700 பேருக்கு மேல ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கம் கூட்டிட்டு வந்தப்போ முதல்ல கரை இறங்கினது இங்கதான். அப்புறம் 1940, லிதுவேனியால கௌனாஸ் ஊர்ல இருந்த ஜப்பான் துணைத் தூதர் சுகிஹாரா சியுனே, மேலிடத்துப் பேச்சை மீறி, யூத அகதிகளுக்கு ராப்பகலா உக்காந்து கையாலயே 2,000க்கும் மேல விசா எழுதிக் குடுத்தார். அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு சைபீரியா முழுக்க ரயில்ல வந்து, விளாடிவோஸ்டாக்ல கப்பல் ஏறி, பனிக்கால அலையில உருண்டு புரண்டு வந்தவங்க காலை வச்சது இந்தக் கரையிலதான். சுகிஹாரா கதை நான் முன்னாடியே கேள்விப்பட்டதுதான், ஆனா வந்து இறங்கினதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு நான் யோசிச்சதே இல்ல.

அதைத்தான் இந்த ஊர்க்காரங்க சேர்த்து வச்சிருக்காங்க. பெரிய ஆளுங்களோட பேச்சு இல்ல, அப்ப சின்னப் பிள்ளையா இருந்து பாத்தவங்க வயசான பிறகு சொன்னது. ஒரு பொதுக் குளியல் கடைக்காரர் ஒரு நாள் கடையை மூடி அகதிகளுக்கு மட்டும் காசு வாங்காம திறந்து விட்டது. ஒரு பையன் ஆப்பிள் கொண்டு வந்து குடுத்தது. வந்தவங்க வரிசையா நடந்து போகும்போது ஒரே ஆப்பிளை ஒருத்தர் ஒரு கடி கடிச்சுட்டுப் பின்னாடி வர்றவர்கிட்ட நீட்டினது. இதை நான் போன்ல தமிழ்ல மாத்தி அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "ஆளுக்கு ஒரு கடி"ன்னு மெதுவா திருப்பிச் சொன்னாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அப்புறம் ஒரு வாட்ச். கையில காசில்லாதவங்க கட்டியிருந்த வாட்சைக் கழட்டி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில வித்திருக்காங்க, அதுல ஒண்ணு அந்தக் கடைக்காரர் குடும்பத்துலயே இருந்து இப்ப கண்ணாடிக்குள்ள இருக்கு. சின்ன வாட்ச். அம்மா அது முன்னாடி எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு தெரியாது, நான் அடுத்த ரூம் பாத்துட்டுத் திரும்பி வர்றேன், அங்கயே நிக்கிறாங்க. பக்கத்துல ஒரு ஜப்பான் பாட்டி, அவங்களும் அதையேதான் பாத்துக்கிட்டு இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை புரியாது. அந்தப் பாட்டி தன்னோட மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, கழட்டிக் குடுக்குற மாதிரி கையை வச்சுக் காட்டினாங்க, அம்மா தலையை ஆட்டினாங்க. வெளிய வந்தப்புறம் அந்தப் பாட்டி பையிலேர்ந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அம்மா கையில வச்சுட்டுப் போயிட்டாங்க.

* * *

அண்ணா, படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சு. நான் கியோட்டோல இருக்கேன், அங்கேர்ந்து ஒரு மணி நேரம் கூட ஆகாது, நாங்க ஆகஸ்ட்ல பையனோட போனோம், அவனுக்கு ஆறு வயசு. நீங்க நடந்து போன அதே ரோட்டுல வெண்கலச் சிலை இருக்குமே, கவனிச்சீங்களா? கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999, விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோன்னு ரெண்டு கார்ட்டூன் கதையிலேர்ந்தும் மொத்தம் 28 சிலை, துறைமுகம் திறந்து 100 வருஷம் ஆனதுக்காக 1999ல வச்சது. என் பையன் ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே வந்தான், ரெண்டை விட்டுட்டோம்னு சொல்லி எங்களைத் திரும்பவும் ஸ்டேஷன் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனான்னா பாத்துக்கோங்க.

ரயிலும் கப்பலும் எதுக்கு இந்த ஊருக்கு அடையாளமாச்சுன்னு துறைமுகத்துல பழைய ஸ்டேஷன் மாதிரி கட்டி வச்சிருக்காங்களே, அங்க போனப்பதான் எனக்குப் புரிஞ்சுது. ஜப்பான் கடல் பக்கத்துல முதல்ல ரயில் வந்த இடமே இதுதான், 1882ல. அப்புறம் 1912லேர்ந்து தோக்கியோ ஷிம்பாஷில ஏறினா நேரா இந்தத் துறைமுகம், இங்க கப்பல், விளாடிவோஸ்டாக், அங்கேர்ந்து சைபீரியா ரயில்ல ஐரோப்பா வரைக்கும், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அங்க இருந்த ஒரு தாத்தா இதைப் பையனுக்குச் சொல்லிக் குடுத்தார், குனிஞ்சு சுவத்துல இருந்த மேப் மேல விரலை வச்சு மெதுவா நகத்திக்கிட்டே போனார், பாரிஸ் வந்ததும் பையனோட விரலைப் பிடிச்சு அங்க வச்சார். அவன் இப்ப வீட்டுல எந்த மேப்பைப் பாத்தாலும் சுருகா எங்கேன்னுதான் முதல்ல தேடுறான்.

கடல்ல குளிக்கணும்னு மிசுஷிமா தீவுக்குப் போக இரோகஹாமா வரைக்கும் போனோம், அன்னைக்கு அலை ஜாஸ்தின்னு படகு விடல. பையன் ஒரே அழுகை. அப்புறம் கெஹி பைன் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், கிட்டத்தட்ட 17,000 மரமாம், உள்ள நுழைஞ்சா வெயில் சட்டுனு குறைஞ்சுடுது, கால் கீழ ஊசி இலையும் மணலும் மெத்து மெத்துன்னு இருக்கு, ரெண்டு மரத்துக்கு நடுவுல கடல் தெரியுது. எனக்கு அந்தத் தீவை விட இதுவே போதும்னு தோணிச்சு. குழந்தைங்க இருந்தா இங்கயே அரை நாள் ஒதுக்கிடுங்க.

* * *

வணக்கம் தோழர்களே. நான் வேலை விஷயமா நகோயாலேர்ந்து மாசம் ஒரு தடவை அந்தப் பக்கம் போறவன். யாரும் மலையைப் பத்திச் சொல்லலையே! துறைமுகத்துக்குப் பின்னாலயே கனெகசாகி, 15 நிமிஷம் ஏறினா போதும், விரிகுடா முழுசும் தெரியும். 1570ல நொபுனாகாங்கிற போர்ப் பிரபு இங்க கோட்டையைப் பிடிச்சு உக்காந்திருந்தப்போ சொந்த மச்சினன் அசாய் நகமசா முதுகுப் பக்கம் எதிரியா வந்துட்டான். நகமசாவைக் கட்டிக்கிட்ட தங்கச்சி ஓஇச்சி அண்ணனுக்கு ரெண்டு பக்கமும் கட்டின ஒரு பயறு மூட்டையை அனுப்பி வச்சாளாம், மூட்டைக்குள்ள மாட்டின பயறு மாதிரி ரெண்டு பக்கமும் உன்னைக் கட்டிட்டாங்கன்னு அர்த்தம். இது வழிவழியா சொல்ற கதைதான், ஆனா நொபுனாகா தப்பிச்சு கியோட்டோ ஓடினது நிஜம், பின்னாடி நின்னு எதிரியைத் தடுத்தவங்கள்ல அவரோட தளபதி ஹிதெயோஷியும் ஒருத்தர். ஏப்ரல்ல போனா அந்த மலையில இருக்கிற கனெகசாகி கோயில் முழுக்க சகுரா பூ, முன்னப்பின்ன தெரியாதவங்க ஒருத்தருக்கொருத்தர் பூக்கிளை மாத்திக்கிற திருவிழா நடக்கும். எனக்கு ஒரு வயசான அம்மா கிளையை நீட்டினாங்க, நான் என்ன சொல்லணும்னு தெரியாம நின்னேன், "மாத்திக்கலாமா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்னு அவங்களே சொல்லிக் குடுத்தாங்க.

மழை பத்தி ஒரு விஷயம். கவிஞர் பாஷோ 1689ல பௌர்ணமி நிலா பாக்கணும்னே இந்த ஊருக்கு நடந்து வந்தவர். முதல் நாள் ராத்திரி வானம் பளிச்சுன்னு இருந்துச்சு, நாளைக்கும் இப்படி இருக்குமான்னு கேட்டா, இந்தப் பக்கத்து வானத்தை நம்ப முடியாது, இப்பவே போய்ப் பாருங்கன்னு சத்திரக்காரர் அனுப்பி வச்சிருக்கார். கெஹி கோயில் முற்றத்துல மணல் மேல நிலா வெளிச்சம் உறைபனி மாதிரி கிடந்துச்சாம். மறுநாள் பௌர்ணமி, சத்திரக்காரர் சொன்ன மாதிரியே மழை. அந்த மணலுக்கும் ஒரு கதை உண்டு, கோயில் முன்னாடி சேறும் சகதியுமா இருந்து ஜனங்க கஷ்டப்பட்டதைப் பாத்து 1301ல ஒரு துறவி கடற்கரைலேர்ந்து தானே மணல் சுமந்து கொட்டினார். மணல் தூக்குற அந்தச் சிலை தோரீக்கு எதிர்லயே இருக்கு, நிறைய பேர் அதைத் தாண்டிப் போயிடுறாங்க.

* * *

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சிலையைக் கவனிச்சேன்மா, ஆனா கணக்கு எண்ணல. மலைக்கு அம்மாவால ஏற முடியாது, ஏப்ரல்ல நான் தனியா போறேன்.

இன்பாக்ஸ்ல ஒருத்தர் சைவம் சாப்பிடுறவங்களுக்கு அங்க என்ன கிடைக்கும்னு கேட்டிருந்தாங்க. கஷ்டம்தான், எல்லா சூப்புலயும் மீன் இருக்கும், நாங்க வீட்டுலேர்ந்து எலுமிச்சை சாதம் கட்டிட்டுப் போயிருந்தோம். ஆனா ஒபொரோ கொம்பு வாங்காம வந்துடாதீங்க. நம்ம மாட்டுக் கொம்பு இல்ல, கடல்பாசி, ஹொக்கைடோல விளையுறது, அந்தக் காலத்துல பாய்மரக் கப்பல்ல சுருகாவுக்கு வந்து இங்கேர்ந்து மலைப்பாதையில கியோட்டோ போகும். ஜப்பான்ல கையால சீவுற ஒபொரோ கொம்புல பெரும்பங்கு இந்த ஊர்லதான்.

ஒரு கடையில சீவுறதைப் பக்கத்துல நின்னு பாத்தோம். வினிகர்ல ஊறவச்ச பாசி, தோல் மாதிரி கறுப்பா தடிமனா இருக்கு, ஒரு முனையைக் காலுக்கு அடியில மிதிச்சு இன்னொரு முனையைக் கையால இழுத்துப் பிடிச்சு, அகலக் கத்தியை மேல சும்மா வருடுற மாதிரி இழுக்குறார். முதல்ல கறுப்பா புளிப்பா வருது, உள்ள போகப் போக வெள்ளையா, வெங்காயச் சருகை விட மெல்லிசா, ஊதினா பறக்குற மாதிரி சுருண்டு சுருண்டு விழுது. கத்தி முனையைக் கொஞ்சமா மடிச்சு விட்டிருக்காங்க, அதுதான் நுணுக்கம்னார். கடைசியில மிஞ்சுற வெள்ளைப் பட்டையையும் தூக்கிப் போடுறதில்ல, அழுத்தி வைக்கிற சுஷி மேல போர்த்துறாங்க. ஒரு இழையை அம்மா கையில வச்சார், வாயில போட்டதும் கரைஞ்சுடுச்சுன்னாங்க. "ரசத்துல போடலாமான்னு கேளுடா"ன்னாங்க. ரசம்னா என்னன்னு அவருக்கு எப்படிப் புரிய வைக்கிறது, புளி, மிளகு, பருப்புத் தண்ணின்னு எனக்குத் தெரிஞ்ச ஜப்பானீஸ்ல சொன்னேன். அவர் யோசிச்சுட்டு, கொதிக்க விடாதீங்க, அடுப்பை அணைச்சுட்டு மேல தூவுங்கன்னார்.

அம்மா மூணு பாக்கெட் வாங்கினாங்க. ஊருக்குப் போயி மிளகு ரசத்துல போட்டுப் பாத்துட்டு போட்டோ அனுப்பிச்சாங்க, கொத்தமல்லி தூவுற எடத்துல வெள்ளையா மேகம் மாதிரி மிதக்குது. பாக்கெட் தீரப் போகுது, அடுத்த தடவை எப்ப சுருகா போவேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.