டேக் பெட்டிக்குப் பெயர்: எண்ணலையா, அலையாக்கியா, அலைமீட்டியா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பரணில் கிடந்த ஆம்ப்ளியையும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளையும் இறக்கித் துடைத்து, புது டிவியோடு சேர்க்கப் பார்ப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். டிவியின் முதுகைத் திருப்பினால் பழைய சிவப்பு, வெள்ளை ஆடியோ அவுட் இருப்பதில்லை. ஆப்டிகல் என்று ஒரு சின்னச் சதுர ஓட்டைதான் இருக்கிறது. "நடுவுல ஒரு டேக் போடணும்" என்கிறார் கடைக்காரர். டேக் (DAC) என்பது டிஜிட்டல் எண்களாக வரும் ஒலியை ஆம்ப்ளிக்குப் புரியும் மின் அலையாக்கித் தரும் பெட்டி. வாங்கி வந்தபின் எதை எங்கே செருகுவது என்று தெரியாமல் என்னிடம் வருகிறார்கள். சரி, இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெயரிலேயே நின்றுவிட்டது.

'இலக்கமுறை-ஒப்புமை மாற்றி' என்பது ஏற்கெனவே புழங்கும் சொல். பாட்டுக் கேட்கிறவரிடம் அதை நீட்ட முடியாது. 'எண்ணலை மாற்றி' என்று வைத்துக்கொள்ளலாமா? உள்ளே எண் போகிறது, வெளியே அலை வருகிறது.

வியாசர்பாடியிலிருந்து:

அண்ணே, நான் சவுண்டு சர்வீஸ் வெச்சிருக்கேன். 'எண்ணலை'ன்னு எழுதினீங்கன்னா எங்க ஏரியாவுல "இன்னும் எண்ணலையா? சீக்கிரம் எண்ணிக் குடு"ன்னுதான் படிப்பாங்க. வேற பாருங்க.

பெரம்பூரிலிருந்து:

தம்பி சிரிப்புக்காகச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வாயில் வரும்போது வேறு பொருள் தரும் சொல் அட்டையில் நிற்காது.

இப்போது உள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அனலாக் என்பதற்கு வைத்த 'ஒப்புமை' என்பதைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஒப்ப வயரில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது, அதனால் ஒப்புமை. பொருள் நேராகவே இருக்கிறது. ஆனால் உவமை, அணி என்று இலக்கண வகுப்பு வாசனை அடிக்கிறது.

முந்தைய இழை ஒன்றில் அனலாக் என்பதற்குத் 'தொடர்' என்று ஒருவர் முன்வைத்தார். இந்த இடத்தில் அது ஆகவே ஆகாது. 0, 1 என்னும் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் அனுப்புவதையும் நாம் தொடர்முறை என்றுதான் சொல்கிறோம். யூஎஸ்பி அப்படித்தான் அனுப்புகிறது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த எஸ்பிடிஃப் என்னும் டிஜிட்டல் ஒலி இணைப்பு முறையும் அப்படித்தான் அனுப்புகிறது; ஆப்டிகலிலும் கோஆக்ஸ் வயரிலும் போவது அதுவே. பெட்டிக்குள் நுழைவதும் தொடர், வெளியே வருவதும் தொடர் என்றால் பெட்டி என்னத்தைத்தான் மாற்றியது?

'மாற்றி' என்றதும் தெருமுனை மின்மாற்றிதான் நினைவுக்கு வருகிறது. 'அலையாக்கி' என்றால் பேப்பரில் விளையாட்டுப் பக்கம் படிக்கிறவர்கள் கடலில் ஆடும் ஆக்கியா என்பார்கள்.

'அலை' மீது எனக்கு இன்னொரு வருத்தம். மணலிப் பக்கம் ஓர் ஆலையில் கருவிப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அங்கே கட்டுப்பாட்டு அறையின் கணினி வால்வுக்குச் சொல்வதெல்லாம் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகத்தான் போகும். 12 என்றால் வால்வு பாதி திறந்திருக்கும், மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். அந்த மின்னோட்டத்தைத் தருவதும் இதே டேக்தான். அதில் அலை எங்கே இருக்கிறது? பாட்டுக்கு மட்டும் பொருந்தும் சொல்லை, உள்ளே அந்த வேலையைச் செய்யும் சில்லுக்கும் (சிப்) வைத்துவிட்டால் பிறகு ஆலைக்காரன் திண்டாடுவான்.

திருவொற்றியூரிலிருந்து:

ஐயா, சில்லும் பெட்டியும் வேறு வேறு என்று பிரித்துவிட்டால் உங்கள் வருத்தம் தீர்ந்துவிடும். சில்லு ஒரு உறுப்பு. வீட்டில் வைக்கும் பெட்டிக்குள் அந்தச் சில்லோடு எண்களுக்குத் தாளம் போடும் கடிகை (கிளாக்) இருக்கிறது, வடிப்பான் (ஃபில்டர்) இருக்கிறது, வெளியே தள்ளும் சிறு பெருக்கி இருக்கிறது. அதற்குத் தனிப்பெயர் வைக்கலாம்.

மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தரும்போது நான் திருத்த வேண்டியிருப்பது ஒரே தவறான படத்தைத்தான். டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக வெளியே வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி வராது. சிடியில் விநாடிக்கு 44,100 தடவை அலையின் உயரம் 16 பிட்டில், அதாவது 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. அந்த வேகத்தில் பாதிக்கு, 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலை எதுவானாலும், இந்தப் புள்ளிகளைக் கொண்டு அதன் முழு வடிவத்தையும் திரும்பப் பெறலாம். புள்ளிகளுக்கு இடையே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான். படியின் கூர்முனைகள் எல்லாம் அந்த எல்லைக்கு மேலே உள்ள தேவையற்ற அதிர்வெண்கள். வடிப்பான் அவற்றை நீக்கியதும் பழைய வளைவு மிஞ்சுகிறது. உயரத்தை 16 பிட்டின் படிகளில் கிட்டத்தட்டக் குறித்த குறைதான் மெல்லிய இரைச்சலாகத் தங்கும். முழுச் சத்தத்துக்கும் அதற்கும் இடைவெளி கணக்குப்படி சுமார் 98 டெசிபல். வாசலில் ஷேர் ஆட்டோ ஓடும் தெருவில் அந்த 98-ஐயே யாராலும் முழுதாகக் கேட்க முடியாது. 24 பிட், 32 பிட் என்று அட்டையில் போட்டிருப்பதற்காகக் கூடக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசு ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

அப்படியானால் இந்தப் பெட்டி செய்யும் வேலை மீட்பது. பதிவான நாளில் இருந்த அலையை மீட்கிறது. 'அலைமீட்பி' என்று எழுதிப் பார்த்தேன். 'அலைமீட்டி' இன்னும் நன்றாக இருக்கிறது. வீணையை மீட்டுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. எதிர்த் திசையில், மைக்கிலிருந்து வருவதை எண்ணாக்கும் கருவிக்கு 'அலையெண்ணி'.

பெரம்பூரிலிருந்து:

அலையெண்ணி கூடாது அம்மா. அதிர்வெண்ணை எண்ணிக் காட்டும் கருவி ஒன்று பட்டறையில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு அந்தப் பெயர் கச்சிதமாக உட்காரும். இப்போதைக்கு அதை ஒத்திவைப்போம்.

வியாசர்பாடியிலிருந்து:

அலைமீட்டி நல்லா கீதுக்கா. ராயபுரத்துல மீட்பின்னு சொல்லிருந்தா சர்ச்சுப் பக்கம் கை காட்டியிருப்பாங்க, அதனால மீட்டியே இருக்கட்டும்.

ஆனா பேரு நல்லா இருந்தா மட்டும் போதாது. அண்ணன் குறிப்புல அதைப் போட்டு எழுதிப் பாக்கட்டும். படிச்சிட்டு ஒருத்தர் வயரைச் சரியாச் செருகினா பேரு பாஸு.

குறிப்புல ஹம்மிங் மேட்டரைக் கட்டாயம் எழுதுங்க. போன வாரம் எம்.சி. ரோடு பக்கம் ஒரு வீடு. லேப்டாப்புலேர்ந்து யூஎஸ்பி-ல டேக்கு, டேக்குலேர்ந்து ஆம்ப்ளி. லேப்டாப்பு ஹெச்டிஎம்ஐ-ல டிவிக்கும் போவுது. வால்யூமைத் தொடாமலே 'ம்ம்ம்'னு இழுக்குது. அவரு மூணாவது டேக்கு வாங்கக் கிளம்பிட்டாரு. நான் டிவிக்குப் பின்னால கைய வுட்டு, செட்டாப் பாக்ஸுக்கு வர்ற கேபிள் வயரைத் திருகிக் கழட்டினேன். கப்சிப். திரும்ப முனையைத் தொட வெச்சேன், 'ம்ம்ம்'. கேபிள்காரன் வயருல ஒரு எர்த்து, ஆம்ப்ளியில ஒரு எர்த்து, ரெண்டுக்கும் நடுவுல ஓடுற 50 ஹெர்ட்ஸு கரண்டுதான் அந்தச் சத்தம். டேக்கு மேல தப்பே இல்ல.

இதுக்குன்னு சில பேரு ஆம்ப்ளி பிளக்குல எர்த்து பின்னை ஒடிச்சிடுவாங்க. சத்தம் நிக்கும். உள்ள ஒரு வயரு கழண்டு டப்பாவுல பட்டா 230 வோல்ட்டு அந்த இரும்பு மேல நிக்கும். அதையும் எழுதுங்க.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

தம்பி கேட்டபடி எழுதிப் பார்த்தேன். கரடுமுரடாகத்தான் இருக்கிறது.

"உங்கள் போனிலும் டிவியிலும் சிடி பிளேயரிலும் ஏற்கெனவே ஓர் அலைமீட்டி உள்ளே இருக்கிறது. ஹெட்போன் ஓட்டை இல்லாத போனுக்கு வாங்கும் விரல் நீளக் குட்டி வயரின் முனையிலும் பெரும்பாலும் ஒன்று இருக்கும். அந்த ஒலியே போதும் என்றால் தனிப் பெட்டி வேண்டாம். லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் இரைச்சல் வந்தால், அல்லது டிவியில் ஆப்டிகல் மட்டுமே இருந்தால் வாங்குங்கள்.

வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். உங்கள் டிவியில் எந்த ஓட்டை இருக்கிறதோ அது அலைமீட்டியிலும் இருக்க வேண்டும். ஆப்டிகல் வயரின் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்றிவிட்டுச் செருகுங்கள். டிவி ஓடும்போது மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் வயர் சரி. பிறகு டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் (ஒலியைச் சுருக்காமல் அனுப்பும் முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். டால்பி என்னும் சுருக்கிய முறையில் விட்டால் ஸ்டீரியோ அலைமீட்டிக்குப் புரியாது. சத்தமே வராது, அல்லது கரகரவென்று வரும்.

அலைமீட்டியிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை பின்னை ஆம்ப்ளியில் ஆக்ஸ், லைன் இன், சிடி இவற்றில் ஒன்றில் செருகுங்கள். போனோ என்று எழுதியதில் செருகாதீர்கள். அது இசைத்தட்டு முள்ளின் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. அலைமீட்டி தருவது சுமார் 2 வோல்ட். பாட்டு சிதறிப் போகும். தனி ஆம்ப்ளி இல்லாமல், ஆம்ப்ளி உள்ளேயே இருக்கும் பவர் ஸ்பீக்கரில் நேரே சேர்ப்பவர்கள், இரண்டில் ஒன்றிலாவது வால்யூம் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹம்மிங் வந்தால் எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் போட்டுப் பாருங்கள். கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். முடிந்தால் ஆப்டிகலுக்கு மாறுங்கள். அதில் வெளிச்சம்தான் போகிறது, கரண்டு போவதில்லை. எர்த் பின்னில் கைவைக்க வேண்டாம்."

இதை எதிர்வீட்டு அண்ணியிடம் கொடுத்தேன். அலைமீட்டி என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. 'பிசிஎம் எங்க இருக்குது' என்றுதான் கேட்டார்.

திருவொற்றியூரிலிருந்து:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்டிகல் அலைமீட்டிக்கு 5 வோல்ட் கரண்டை டிவியின் யூஎஸ்பி ஓட்டையிலிருந்தே எடுக்கிறார்கள். அந்த வயர் வழியாக டிவியின் எர்த் மறுபடி ஆம்ப்ளிக்குப் போய்விடும். ஆப்டிகல் போட்ட பலன் போச்சு. தனி போன் சார்ஜரில் போடச் சொல்லுங்கள்.

காசிமேட்டுப் பக்கம் உள்ளவர்களுக்காக இன்னொரு வரி. உப்புக்காற்றில் பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு ஏறி ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடும். டேக் போய்விட்டது என்று நினைப்பார்கள். பின்னைச் செருகி நாலு சுற்றுத் திருப்பினாலே பல சமயம் சரியாகிவிடும்.

பெரம்பூரிலிருந்து:

பெட்டிக்கு 'அலைமீட்டி' எனக்குச் சம்மதம். சில்லுக்கு 'எண்-ஒப்புமை மாற்றி' என்றே இருக்கட்டும். அதில் நான் இறங்கிவர மாட்டேன். சொற்பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாக இடுங்கள்.

குறிப்பில் 'போனோ' என்பதை அப்படியே விட்டது சரி. ஆம்ப்ளியின் முதுகில் அதுதான் அச்சாகியிருக்கிறது; அங்கே தமிழ்ப் பெயரைத் தேடிப் போனால் வயர் தவறான ஓட்டையில் போகும். பிசிஎம்மும் அப்படியே இருக்கட்டும். ஆனால் அது டிவியில் எந்தப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது என்று அண்ணி கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.