பொருள்: நெற்களஞ்சிய நிதி – ரொறன்ரோ அண்ணாவின் கேள்விக்கு

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

களஞ்சியத்துக்கும் நெல் உலர்த்தும் தளத்துக்குமாக ஊரிலுள்ள கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு வெளிநாட்டிலிருக்கும் நம் சங்கத்திடம் கேட்டிருக்கும் 18 இலட்சம் ரூபாவைப் பற்றிய பேச்சில், ரொறன்ரோ அண்ணா எழுதிய ஒரு வரி மூன்று நாளாக என் மனத்தை அரிக்கிறது. முதலாளியோ அரசாங்கமோ மேலே நில்லாமல் பத்துப் பேர் கூடி எதையும் விளைவித்து நிலைத்ததில்லை என்றும், 1936இல், உள்நாட்டுப் போர்க் காலத்து ஸ்பெயினில் அப்படிச் செய்து பார்த்தவர்கள் ஒரு வருடத்தில் கலைந்தார்கள் என்றும் எழுதியிருந்தார். அண்ணா, அரகன் பகுதியில் நிலத்தைக் கூட்டாக உழுத கிராமங்களின் அவையை 1937 ஓகஸ்டில் குடியரசு அரசாங்கமே கலைத்து, படையையும் அனுப்பியது. அந்தக் கூட்டுகளில் கட்டாயத்தால் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் குளத்தில் வயற்பரப்புக்கு ஏற்ப அணைக்கட்டும் பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. எங்கள் பங்கு துருசுக்கு (குளத்து மதகுக்கு) வடக்கே இரட்டைப் பாலை மரத்தில் தொடங்கும். மாரிக்கு முன்னர் ஐயாவுடன் போய்ப் பற்றை வெட்டி, மாட்டுக் குளம்பு இடித்த பள்ளங்களுக்கு மண் போட்டு மிதித்தது இன்றும் என் உள்ளங்காலில் இருக்கிறது. கட்டுவேலைக்கு வராதவருக்குச் சிறுபோகத்தில் (கோடைகாலப் பயிர்ச்செய்கையில்) முறைத் தண்ணீர் பிந்தும். ஒரு வருடம் பெரியப்பாவின் மடையைத் தண்ணீர் பார்த்தவர் மண்வெட்டியால் அடைத்தபோது ஐயா பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. அதன்பின் நடந்தவை உங்களுக்குத் தெரியும். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடங்களில் துருசுக்கு அண்மித்த வயலை மட்டும் பங்கிட்டு விதைத்தார்கள், அடிவயற்காரருக்கும் அதில் பங்கு இருந்தது. கூலியும் இல்லை, பொலிசும் இல்லை.

இப்படியான நீர்ப்பாசனங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்த எலினர் ஒஸ்ட்ரம் அம்மையாருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது 2009இல், போர் முடிந்து நாம் செட்டிகுளம் அகதி முகாம்களில் நம்முடையவர்களைத் தேடிக்கொண்டிருந்த அதே வருடத்தில். எல்லை தெளிவாக இருந்து, விதிக்குக் கட்டுப்படுகிறவர்களே விதியையும் வகுத்து, முதல் தவறுக்குத் தண்டனை சிறிதாக இருக்கும் இடங்களில் கூட்டுழைப்பு தலைமுறைகளுக்கு நிலைக்கிறது என்று அவர் காட்டினார். இலங்கையின் கிழக்கே கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் விவசாயிகளே கூடி வாய்க்கால் துப்புரவு செய்து முறை வைத்தபோது, மேலே இருந்த சிங்கள விவசாயிகள் மிச்சப்படுத்திய தண்ணீர் கடைவாய்க்காலின் தமிழ் விவசாயிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்களைக் கூட்டிய இளைஞர்களுக்குச் சம்பளம் திட்டப் பணத்திலிருந்துதான் வந்தது. அரசு வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. கிளிநொச்சியின் இரணைமடுப் பெருங்குளத்தை ஊரவர் மண்வெட்டியால் கட்டியிருக்க முடியாது. ஆனால் வயலில் நிற்பவரைக் கேளாமல் 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து, அதே வருடம் நவம்பரில் தடையை நீக்கியதும் அரசுதான்.

என் கவலை நம்மைப் பற்றியது. நாம் வாங்கிக் கொடுத்த உழவு இயந்திரத்தைச் சென்ற மாசியில் பார்த்தேன். முன்சில்லு இல்லாமல் பாடசாலை மதிலோரம் நிற்கிறது, இருக்கைக்கு அடியில் கோழி அடைகிடக்கிறது. நம் கணக்கில் அது இன்னமும் "சங்கச் சொத்து". சிறு பழுதுக்கும் நம் அனுமதி கேட்டு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள், அதைத் தங்களுடையது என்று எப்படி எண்ணுவார்கள்? அங்கே முதலாளியும் அரசும் ஆகி நின்றவர்கள் நாம்தான். அதே வாரம் பெரியம்மா உலர்த்த இடமின்றி ஈரநெல்லை வயற்கரையிலேயே விற்றார். ஈரத்துக்கென்று மூட்டைக்கு இத்தனை கிலோ என வியாபாரி கழித்ததைத் தராசின் அருகில் நின்று பார்த்தேன்.

ஆகவே பணத்தைக் கொடுப்போம். களஞ்சியம் கமக்காரர் அமைப்பின் பெயரில் இருக்கட்டும், வாடகையையும் முறையையும் குற்றப்பணத்தையும் அவர்களே வகுக்கட்டும், கணக்கு முதலில் அவர்களுடைய கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். பொருளாளர் தம்பிக்குப் பிரதி வரும். அவர் கணக்குக் கேட்பது நியாயம்.

என் பங்கு 500 யூரோவை இன்று அனுப்புகிறேன். ஐயாவின் பெயரில் பலகை வைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். பெரியப்பாவின் பிள்ளைகளும் அங்கேதான் நெல் காயப்போட வருவார்கள்.